அலங்கரிக்கும் முன் அறையைப் படமெடுத்து வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டு இணைப்பில் வரும் அறை அலங்காரப் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வெளிச்சம் குறைந்த அறைக்கு ஏற்ற வண்ணம், சிறிய கூடத்தில் அலமாரியை வைக்கும் முறை போன்ற குறிப்புகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அவற்றோடு வெளியாகும் படங்களில் இருப்பவை பெரும்பாலும் யாரும் குடியேறாத அறைகள். சாம்பல் நிறச் சோபாவும் அதன் பின்னே வெறும் சுவரும் இருக்கின்றன. சாமி படமோ, நாட்காட்டியோ, தாத்தா பாட்டியின் படமோ இல்லை. இப்படங்களைப் பார்த்து வீட்டைத் திருத்த முனைகிறவர்கள் முதல் வேலையாக இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்துகிறார்கள். அவரவர் வீடு, அவரவர் விருப்பம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறப்படுத்தும் முன் அந்த அறையை இருந்தது இருந்தபடியே படமெடுத்து வைக்க வேண்டும் என்பதும், தங்கள் பக்கம் அத்தகைய படங்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

நம் குடும்பங்களில் பழைய ஒளிப்படங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் முகங்கள் இருக்கின்றன, அறைகள் இல்லை. அக்காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் நிறையத் தேவைப்பட்டது. ஓட்டு வீட்டின் உள்ளறை இருட்டில் படம் விழாது. ஆகவே குடும்பமாக ஸ்டூடியோவுக்குப் போய், மாளிகைத் தூண்களும் படிக்கட்டும் தீட்டிய திரைக்கு முன் நின்றார்கள். ஒளிப்படக்காரர் வீட்டுக்கே வந்தாலும் முற்றத்திலோ திண்ணையிலோ நாற்காலி போட்டுத்தான் எடுத்தார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்மமாக்கியது மிகப் பெரிய பணி. அத்தகைய படங்களில் சேலைக்கட்டும் நகையும் நிற்கும் விதமும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த மனிதர்கள் எந்த அறையில் உறங்கினார்கள், பாயை எங்கே சுருட்டி வைத்தார்கள், விளக்கு எந்த மாடத்தில் எரிந்தது என்பவற்றை அவை காட்டுவதில்லை.

செல்வர்களின் வீடுகள் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் கொண்ட செட்டிநாட்டு வீடுகள் நூல்களிலும் இதழ்களிலும் பலமுறை இடம்பெற்றுவிட்டன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், வணிகர் வீட்டோடு நெசவாளர் வீட்டையும் குயவர் வீட்டையும் நிலைநிறுத்திக் காட்டுவது பாராட்டத்தக்கது. எனினும் வரிசை வீட்டிலும் வாரியக் குடியிருப்பிலும் வாடகைப் பகுதியிலும் வாழ்ந்த பெரும்பான்மையோரின் அறைகளை, அங்கே வாழ்ந்தவர்கள் எடுத்தாலொழிய, வேறு யாரும் படமெடுத்து வைக்கப் போவதில்லை.

எங்கள் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். குழித்தறி உள்ள வீட்டில் முன்னறையின் அமைப்பு முழுவதையும் தறிதான் முடிவு செய்கிறது. நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதியை மிதிக்கிறார். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலான பாவு அறையின் நீளத்தைப் பிடித்துக்கொள்கிறது. இழை தெரிய வேண்டும் என்பதால் தறி வெளிச்சம் விழும் பக்கத்தில் இருக்கும். எஞ்சிய இடத்தில்தான் பீரோவும் சாமி அலமாரியும் பிள்ளைகளின் புத்தகமும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போன வீடுகளில் தறியைப் பிரித்து விற்று, குழியை மூடி, மேலே டைல்ஸ் பதித்துத் தொலைக்காட்சி மேசையைப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் தறி நின்ற அறையின் படம் ஒன்றுகூட அவ்வீட்டாரிடம் இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. பட்டுச்சேலையை விரித்துப் பிடித்த படங்கள் மட்டும் வேண்டிய அளவு இருக்கின்றன.

நவராத்திரியில் கொலுப் படிகளை எல்லோரும் படமெடுக்கிறார்கள். அலங்கரித்த இடத்தை நாமே ஆசையோடு படமெடுக்கும் பழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. நான்கு அடி பின்னால் வந்து, படிகளுக்காக ஒதுக்கி வைத்த நாற்காலிகளும் சன்னலும் தெரியுமாறு இன்னொரு படம் எடுத்தால் போதும், அது கொலுவோடு கூடத்தின் படமும் ஆகிவிடும்.

இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் கைப்பேசி போதும். சில செய்திகளை மட்டும் கவனிக்க வேண்டும். அறையைப் பெரிதாகக் காட்டும் அகன்ற கோண லென்ஸ் ஓரங்களை இழுத்து நீட்டிவிடும். பத்தடி அறை மண்டபம் போலத் தெரியும். வீட்டு விளம்பரத்துக்கு அது உதவலாம், நினைவுக்கு உதவாது. சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே நின்று நிலையின் வழியாக எடுத்தால் அறையின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். கைப்பேசியை நெஞ்சு உயரத்தில், முன்னும் பின்னும் சாயாமல் பிடித்தால் சுவர்களும் கதவும் நேராக நிற்கும். பகல் வெளிச்சத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. இரண்டு வெளிச்சங்களும் கலந்தால் ஒரு பக்கச் சுவர் ஒரு சாயலிலும் மறுபக்கம் வேறு சாயலிலும் விழுந்து, சுவரின் உண்மையான வண்ணம் தெரியாமல் போகும். சன்னலை நேர் எதிரே வைத்தால் அறை இருண்டுவிடும் என்பதால் அது பக்கவாட்டில் இருக்க வேண்டும். எதிர் மூலையிலிருந்து ஒன்று, தரையை மட்டும் ஒன்று, உத்தரத்தை ஒன்று என எடுத்து வைக்கலாம். சிவப்பு ஆக்சைடு தரையும் மொசைக் தரையும் வேகமாக மறைந்து வருவதால், தரையை மட்டும் எடுக்கும் படத்தை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

இப்படங்கள் அலங்கார வேலைக்கும் நேரடியாகப் பயன்படும். தினமும் புழங்கும் அறையில் கண் பழகிவிடுவதால், தொங்கும் ஒயரும் சாய்ந்த படச்சட்டமும் வெளிச்சமே எட்டாத மூலையும் நமக்குத் தெரிவதில்லை. படத்தில் அவை உடனே தெரிகின்றன. புதிய சோபா வாங்கும் முன் அந்த ஒயரைச் சரிசெய்து, பீரோவைச் சன்னலிலிருந்து இரண்டடி நகர்த்தினாலே அறை மாறிவிடும் என்பதைப் பலர் இவ்வழியில் கண்டுகொள்ளலாம். ஆணி அடிக்க உரிமையாளர் அனுமதிக்காத வாடகை வீடுகளில் குடியிருப்போருக்கு இத்தகைய செலவில்லாத மாற்றங்களே பெரிதும் பொருந்தும்.

எடுத்த படங்களில் சிலவற்றையேனும் அச்சிட்டு, பின்புறம் ஊர், ஆண்டு, எந்த அறை, யார் புழங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைப்பது அவசியம். கைப்பேசியை மாற்றும்போது படங்கள் தொலைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

போகிக்கு முன்பு சாமான்களை வெளியே எடுத்து வைத்து வெள்ளையடிக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. ஆகவே மார்கழி தொடங்கும்போதே தாங்கள் அறிவிப்பு வெளியிட்டு, வாசகர்கள் தங்கள் அறைகளை எடுத்தனுப்பும் படங்களில் வாரம் ஒன்றையேனும் அலங்காரப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். ஊரும் ஆண்டும் குறிப்பிட்டால் போதும். வீட்டு எண்ணும் தெருவும் வேண்டாம். படத்தில் கொடிக்கயிறும் கேஸ் சிலிண்டரும் அட்டைப்பெட்டி அடுக்கிய பரணும் இருக்குமானால், அழகு கருதி அவற்றை வெட்டிவிடாமல் முழுப் படமாகவே வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்.