மூக்கு திரும்பி வந்துவிட்டது, மொட்டை

அன்புள்ள மொட்டைக்கு,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போட்ட கடிதங்கள் இரண்டும் இழுப்பறையில்தான் இருக்கின்றன. இரண்டாவதில் என்னைத் திட்டியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன். நன்றாகத்தான் திட்டியிருக்கிறாய், வயதானாலும் கை இறங்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். உன் பெரியவனுக்கு வேலை நிரந்தரமானது தெரிந்து சந்தோஷம். குள்ளனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? அவன் வாங்கிப்போன சுத்தியலைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

உனக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் வைத்திருக்கிறேன். கெட்டதை முதலில் சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் கிழித்துப் போடுவாய். அதனால் வரிசையாகவே வருகிறேன்.

உன் கடைசிக் கடிதத்துக்கு முன்பே எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்று நாள் உடம்பு வலி. நாலாம் நாள் காலை காபி வெறும் வெந்நீராக இருந்தது. பொடி போட மறந்துவிட்டாளோ என்று என் வீட்டுக்காரியை, அதாவது உன் தங்கச்சியை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் சோப்பை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெங்காயத்தை வெட்டி மூக்கருகே வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மணம் வரவில்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். நேராக அலமாரிக்குத்தான் போனேன். அப்போது 41 காரச் சாஸ் பாட்டில் இருந்ததடா. (நீ பார்த்தபோது 26.) டபாஸ்கோவை எடுத்து ஒரு கரண்டியில் நாலு சொட்டு விட்டு நக்கினேன். சுட்டது! அடேயப்பா, எவ்வளவு நிம்மதி! உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, நாக்கு எரிந்தது. நாக்கு பிழைத்தது, மூக்குதானே போனது, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்து ஸ்ரீராச்சா. இனிப்பு, எரிச்சல், அவ்வளவுதான். பூண்டைக் காணோம். அதற்கடுத்து அந்த பெலீஸ் நாட்டு மேரி ஷார்ப்ஸ், கேரட் போட்டு அரைத்த ஹபனேரோ மிளகாய் சாஸ். அதிலே ஒரு பழ வாசனை வருமே, மூடியைத் திருகும்போதே வந்து முகத்தில் உட்காருமே, அது சுத்தமாக இல்லை.

ஆறாவது பாட்டிலில்தான் எனக்கு உறைத்தது. (உறைத்தது என்ற வார்த்தையைப் பார், இந்தச் சனியன் நம்மை எங்கும் விடுவதில்லை.) எல்லாம் ஒரே சாஸ். ஒன்று கொஞ்சம் தித்திப்பு, ஒன்று கொஞ்சம் கூடுதல் உப்பு, ஒன்று நாக்கு நுனியில் சுட்டு ஓடிவிடுகிறது, ஒன்று தொண்டையில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. வேறே வித்தியாசம் கிடையாது. பன்னிரண்டு வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்த 41 பாட்டிலும் ஒரே காலையில் ஒரே பாட்டிலாகிவிட்டன.

படுக்கையில் கிடந்தபோது இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அறுசுவையில் உறைப்பும் ஒன்று என்று நாம் எண்ணி வைத்திருக்கிறோம் இல்லையா? நாக்கின் சுவை மொட்டுகளுக்கு அதில் வேலையே இல்லையாம். சூடு பட்டால் சொல்லுவதற்கென்று நரம்பு முனைகளில் ஒரு புரதம் இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் அது விழித்துக்கொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயிலுள்ள கேப்சைசின் அதே பூட்டுக்குக் கள்ளச்சாவி. சூடே இல்லாமல் சுடுகிறது என்று மூளையை நம்பவைக்கிறது. டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு 1997-இல் இதைக் கண்டுபிடித்தது, 2021-இல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பறவைகளிடமும் அந்தப் பூட்டு உண்டு, ஆனால் இந்தச் சாவி அதில் திரும்பாது. அதனால்தான் கிளி மிளகாயைக் கொய்யாப்பழம் போலத் தின்கிறது. பல்லால் விதையை அரைத்துவிடும் நம்மை மாதிரி ஜீவனை விரட்டிவிட்டு, முழுங்கி எங்கேயோ போய் விதைக்கிற பறவையை மட்டும் மிளகாய் கூப்பிடுகிறது. நாம் அழையாத விருந்தாளிகள். அதிலும் வெட்கம் கெட்ட விருந்தாளிகள்.

ஆக, காரம் வலி. வலிக்கு மூக்கு தேவையில்லை. அதனால்தான் எல்லாம் போன பிறகும் அது மட்டும் மிஞ்சியது.

இப்போது நீ சிரிப்பாய் என்று தெரியும். ‘நம்பர், நம்பர்’ என்று உயிரை எடுத்தவன் நான்தானே. ஹலபேன்யோ மிளகாய் 2,500 முதல் 8,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு), ஹபனேரோ ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம், கரோலினா ரீப்பர் 2013-இல் கின்னஸில் ஏறியது, அதை வளர்த்த எட் கரியே 2023-இல் பெப்பர் எக்ஸைக் கொண்டுவந்து 26 லட்சத்து 93 ஆயிரத்தில் நிறுத்தினார் என்று உன் மாமனார் வீட்டு விசேஷத்தில் நின்று ஒப்பித்தவன். மிளகாயின் காரச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்த அந்த எக்ஸ்ட்ராக்ட் சாஸை உனக்குக் கொடுத்துவிட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்ததும் நான்தான். (தண்ணீரில் கேப்சைசின் கரையாது, வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும் என்று எனக்கு அப்போதே தெரியும். பாலைக் குடி, பாலிலுள்ள கேசின் என்ற புரதம் அதைக் கழுவிக்கொண்டு போகும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதற்கும் சேர்த்து ஒரு மன்னிப்பு.) 1912-இல் வில்பர் ஸ்கோவில் இந்த அளவைத் தொடங்கியபோது, மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கலந்து, சுவைப்பவர்களுக்கு எரிச்சல் தெரியாமல் போகும்வரை நீர்க்கவைத்துத்தான் எண்ணினார். எரிச்சலைத் தவிர வேறெதையும் அவர் கேட்கவில்லை. மூக்கு போயிருந்த அந்த நாலு மாதம் நான் அவரிடம் வேலைக்குப் போயிருக்கலாம். என்னைவிடத் தகுதியான நாக்கு கிடைத்திருக்காது.

கிண்டல் இருக்கட்டும். நடுவில் பயந்துபோய்விட்டேன், மொட்டை. ஒரு நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரம் கருகி, புகை கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்து ஓடினேன். அது கேஸ் கசிவாக இருந்திருந்தால்? பேத்தி வந்து மடியில் ஏறினாள். உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தேன். காற்றுதான் வந்தது. குழந்தை தலையை முகர்ந்து ஒன்றும் தெரியாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அன்றிரவு யாரோடும் பேசவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தேன், மூடி வைத்துவிட்டேன். எழுதாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நாலையும் காலையும் மாலையும் முகர வேண்டும். முகரும்போது அந்த மணத்தை மனதால் நினைக்க வேண்டும். நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன், சிபோட்லே சாஸ். பழுத்துச் சிவந்த ஹலபேன்யோவைப் புகையில் உலர்த்தினால் அதுதான் சிபோட்லே. புகையையாவது மூக்கு மறக்காமல் இருக்கும் என்று ஒரு நப்பாசை.

மூன்றாம் மாதம் மணம் வந்தது, ஆனால் தப்புத் தப்பாக வந்தது. காபி டயர் எரிந்த மாதிரி. பூண்டு சாக்கடை. இப்படி ஒரு கட்டம் வரும், நரம்பு திரும்பி முளைக்கிறது, நல்ல அறிகுறிதான் என்று பிறகு சொன்னார்கள். பிறகுதான் சொன்னார்கள் என்பதைக் கவனித்துக்கொள்.

இனிமேல்தான் கெட்ட செய்தி.

உன் பாட்டில். நீயே புளிக்க வைத்து, அரைத்து, ‘ஜாக்கிரதை நெட்டையா’ என்று உன் கோழிக்கிறுக்கலில் லேபிள் ஒட்டிக் கொடுத்தாயே, ஹபனேரோவும் அன்னாசியும். பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருந்தேன். சொட்டுச் சொட்டாகத்தான் எடுப்பேன், விருந்தாளிக்குக்கூட நீட்டியதில்லை. அன்றைக்குத் திறந்தேன். அழுகின முட்டையும் ஈரத்துணியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம் குப்பென்று அடித்தது. வீட்டில் புளிக்க வைத்ததுதானே, கெட்டுப்போய்விட்டது, யாராவது தெரியாமல் சாப்பிட்டு வைத்தால் என்ன ஆகும் என்று பதறி, நேராகத் தொட்டியில் கவிழ்த்தேன். அதோடு விட்டேனா? கொதிக்கிற தண்ணீரை அதன் மேலேயே ஊற்றினேன். ஹபனேரோ ஆவி கிளம்பி, நான் இருமி, கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து விழுந்தேன்.

அரைமணி கழித்து உன் தங்கச்சி வெளியிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்னங்க, வீடு முழுக்க அன்னாசி மணக்குது?” என்றாள்.

அவ்வளவுதான். பாட்டில் கெடவே இல்லை. கெட்டது என் மூக்கு. நான் போய்த் தொட்டியில் குனிந்து பார்த்தேன். வடிகட்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விதையும் கொஞ்சம் சதையும் ஒட்டிக்கொண்டிருந்தன. சொன்னால் வெட்கக்கேடு, விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. எழுதாமல் இருந்ததற்கு மீதிப் பாதிக் காரணம் இதுதான். உன் இரண்டாவது கடிதத்தில் ‘என் அன்னாசி எப்படி இருக்கிறது’ என்று கேட்டிருந்தாய். என்ன பதில் எழுதச் சொல்கிறாய்?

சரி, நல்ல செய்தி. போன வாரம் வியாழக்கிழமை, வழக்கம்போலக் காலைப் பயிற்சி. ரோஜா, பாதி. எலுமிச்சை, முக்கால். கிராம்பு பரவாயில்லை. சிபோட்லே மூடியைத் திறந்தேன். வந்ததடா! விறகு, கொஞ்சம் வெல்லம், அடியில் பழுத்த மிளகாய், மூன்றும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். பிறகு ஒரு முட்டையைப் பொரித்து, அதன் மேல் அரைக் கரண்டி விட்டு, தனியாக உட்கார்ந்து தின்றேன். தட்டை வழித்தேன். அதன்பின் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் தலையைப் போய் முகர்ந்துவிட்டு வந்தேன்.

அன்று முதல் அலமாரியை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில். எரிச்சல் வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது, அதில்தான் மிளகாயின் மணம் இருக்கிறது, இத்தனை நாள் அந்த நொடியை ஓட்டமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். டபாஸ்கோவை வெறும் காரவினிகர் என்று இளக்காரமாகப் பேசுவேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். 1868-லிருந்து அமெரிக்காவிலுள்ள அதே ஏவரி தீவில் செய்கிறார்கள். அரைத்த மிளகாயை உப்போடு ஓக் பீப்பாயில் மூன்று வருடம் வரை கிடத்துகிறார்கள், மூடிமேல் உப்பைக் கொட்டி அடைத்து. மிளகாய், உப்பு, வினிகர், மூன்றே சாமான். கரண்டியில் விட்டு ஒரு நிமிடம் ஆறவிட்டு முகர்ந்து பார், வினிகர் விலகிப்போன பிறகு மரம் தெரிகிறது. எக்ஸ்ட்ராக்ட் போட்ட, மண்டையோட்டுப் படம் ஒட்டிய பாட்டில்கள் ஆறையும் தூக்கிப் போட்டுவிட்டேன். அவற்றில் மணம் என்று ஒன்று இருக்கிறதா என்று மூக்கு சரியான பிறகும் தேடினேன். கசப்பும் உலோக வாடையும்தான். இப்போது கடையில் பாட்டிலைத் திருப்பிச் சாமான் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன். ஸ்கோவில் எண்ணைப் பெரிதாகப் போட்டு மிளகாயின் பெயரைப் போடாதவனை நம்புவதில்லை.

அடுத்து உன் உதவி. உன் அன்னாசியை நானே செய்து உனக்கு ஒரு பாட்டில் திருப்பித் தருவது என்று ஹபனேரோ வாங்கி வந்துவிட்டேன். முதல் தடவை, நூறுக்கு மூன்று உப்பு, கையுறை போட்டு நறுக்கி, உப்புநீருக்குள் கல்லை வைத்து அமுக்கி, நாலாம் நாளே நுரைத்தது. தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டேன். மூன்று வாரத்தில் தாள் வைத்துப் பார்த்தால் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 4-க்குக் கீழே வந்துவிட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்கு. ஆனால் அன்னாசியை முதல் நாளே போட்டதால் அதன் சர்க்கரையையெல்லாம் கிருமி தின்றுவிட்டு, பழம் இருந்த இடத்தில் புளிப்பு மட்டும் மிஞ்சியது. இரண்டாம் தடவை கடைசியில் போட்டேன். பாட்டிலில் அடைத்த மூன்றாம் நாள் மூடி பறந்து கூரையில் அடித்தது. வெள்ளையடித்த கூரையடா. உன் தங்கச்சி இன்னும் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

நீ எப்போது போட்டாய்? காய்ச்சிப் போட்டாயா, பச்சையாகவா? விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை வழித்து எடுத்தாயா? காரம் முழுக்க அதில்தானே இருக்கிறது, உன்னுடையது அவ்வளவு சுடவும் இல்லையே. வினிகர் விட்டாயா? சுருக்கமாக எழுதாதே, உன் வழக்கப்படி வளவளவென்று எழுது.

லேபிள் பத்திரமாக இருக்கிறது, ஆவியில் ஒரு ஓரம் உரிந்தது, ஒட்டிவிட்டேன். காலி பாட்டிலையும் கழுவி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, இல்லை நேரில் வந்து திட்டிவிட்டு எடுத்துப் போகிறாயா?

அன்புடன்,
நெட்டையன்

பி.கு. குள்ளனிடம் சுத்தியலைக் கேட்டுவிடு. மண்டையோட்டு பாட்டில் ஒன்றின் மூடி திறக்காமலே குப்பைக்குப் போனது, அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.