வலையில் சிக்கும் புது உயிரைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஒரு கடல் பகுதியில் இதுவரை இல்லாத மீனோ பாசியோ தென்பட்டால், அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மீனவரோ முக்குளிப்பவரோதான். அவர்களைத் தேடிப் போய்க் கேட்கும் வழக்கம் ஆய்வு நிலையங்களில் பெருக வேண்டும்.

1984இல் மொனாக்கோ கடலோரத்தில் காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற வெப்பமண்டலப் பாசி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பில்தான் இருந்தது. யாரும் அகற்றவில்லை. அப்புறம் மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்கும் பரவிவிட்டது. அதே பாசியை 2000இல் கலிஃபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றில் முக்குளிப்பவர்கள் கண்டு சொன்னார்கள். தார்ப்பாய் போர்த்தி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006இல் அது முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காலத்தில் வந்த ஒரு தகவலின் மதிப்பு இவ்வளவு!

தகவல் சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. அளவுகோலோடு (இல்லையென்றால் ஒரு நாணயத்தோடு) எடுத்த தெளிவான படம், தேதி, இடம், ஆழம் போதும். இறந்த உயிர் என்றால் உறையவைக்கலாம். ஃபார்மலினில் மட்டும் போட்டு வைத்தால் மரபணுச் சோதனை கடினமாகிவிடும்.

புதிதாகத் தெரிவதெல்லாம் அந்நிய வரவு என்று அவசரப்படவும் கூடாது. கப்பல்கள் எடைக்காக ஏற்றிவரும் நீரில் வந்திருக்கலாம். கடல் சூடாவதால் இடம் மாறியிருக்கலாம். யாரும் தேடாததால் இத்தனை காலம் கண்ணில் படாமலும் இருந்திருக்கலாம். அதை நிபுணர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் ஆய்வுக் கட்டுரை வெளியாகும்போது, கண்டெடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

– ஒரு வாசகர்