சிறு தளங்களுக்கும் பிரிவுவாரித் தேடல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் அமைப்புகள் ஆசையாக இணையதளம் தொடங்குவதையும், கொஞ்ச காலத்தில் அதை யாரும் எட்டிப் பார்க்காமல் போவதையும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வடிவமைப்பு பழசு, படங்கள் மங்கல், பொறுப்பாளர்களுக்கு நேரமில்லை என்று காரணங்களை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். எல்லாம் சரி. ஆனால் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு முதலில் தோன்றும் காரணம் அதில் இல்லை. உள்ளே இருப்பதைத் தேடி எடுக்க வழியில்லை என்பதுதான் அது.

மன்னார்குடியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு சின்னத் தளம் இருக்கிறது. கூட்டங்களில் பேசிய உரைகள், நூல் அறிமுகங்கள், ஊர் வரலாறு, அறிவிப்புகள் என்று பக்கங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதில் வடுவூர் என்று தேடினால் என்னவெல்லாம் வருகிறது, பாருங்கள். ஏரிக்கு வரும் பறவைகள் பற்றிய கட்டுரை வரும். துப்பறியும் நாவல்கள் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் வருவார். அந்த ஊர்க் கபடி ஆட்டக்காரர்கள் வருவார்கள். போதாததற்கு, வடுவூரிலிருந்து வரும் உறுப்பினர்களுக்காகக் கூட்ட நேரத்தை மாற்றிய அறிவிப்பும் வரும். பறவையைத் தேடி வந்த பள்ளிப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பு எதற்கு? வெறும் தேடல் பெட்டி போதாது. எந்தப் பிரிவில் தேடுவது என்பதை வாசகரே குறித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

இது புதுச் சிந்தனையும் இல்லை. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. இன்று கடைத் தளங்களில் விலை, நிறம், அளவு என்று ஓரத்தில் கட்டம் போட்டு வடிகட்டச் சொல்கிறார்களே, அந்த வழிக்கு அவர் முன்னோடி. 1931-ல் அவர் நூலாக வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதே ஆண்டில்தான் எங்கள் ஊர் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டது. விஷயத்துக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கருவிக்கு வருகிறேன். முதலில் கூகுள் தரும் இலவசத் தேடல் பெட்டியை வைத்துப் பார்த்தோம். அதிலும் பிரிவுகள் வைக்கலாம். ஆனால் முடிவுகளோடு விளம்பரமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்தவர்கள் அதை நீக்கிக்கொள்ளலாம். சாயங்காலம் கூடிப் பேசிவிட்டுக் கலையும் எங்களிடம் ஏது பதிவு? தவிர, நம் பக்கத்தைக் கூகுள் எப்போது வந்து படிக்கும் என்பது நம் கையில் இல்லை. நேற்று ஏற்றிய உரை இன்று தேடலில் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

அப்புறம், வட்டத்துக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் பேஜ்ஃபைண்ட் என்ற கருவியைக் காட்டினார். நியூசிலாந்தின் கிளவுட்கேனன் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. தனி சர்வர், டேட்டாபேஸ் எதுவும் கேட்காது. பக்கங்களை ஏற்றுவதற்கு முன் நம் கணினியிலேயே அதை ஒரு முறை ஓடவிட்டால், எல்லாவற்றையும் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரித்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். தளத்தோடு சேர்த்து அதையும் ஏற்ற வேண்டியதுதான். சொல்லடைவு சிறு சிறு துண்டுகளாக இருப்பதால் தேடுபவரின் போனில் தேவையான துண்டு மட்டும் இறங்கும். சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது பெரிய விஷயம். பக்கத்துக்குப் பக்கம் அதன் பிரிவைக் குறித்துவிட்டால், தேடும்போது எந்தப் பிரிவில் எத்தனை கிடைத்தன என்ற எண்ணிக்கையும் தெரிகிறது. வாசகர் கேட்கும்போதுதான் பக்கத்தைச் சர்வரில் உருவாக்கித் தரும் வேர்ட்பிரஸ் போன்ற தளம் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பக்கத்தின் மொழி என்ன என்று அதன் நிரல் தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். கடன் வாங்கிய வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்) அது பெரும்பாலும் ஆங்கிலம் என்றே கிடக்கும். அப்படியே விட்டால் கருவி தமிழ் விகுதிகளைக் கண்டுகொள்ளாது. தமிழ் என்று மாற்றினால் ஏரி, ஏரியில், ஏரிக்கு போன்றவற்றை ஒரே வேரோடு சேர்க்க முயலும். எல்லாச் சொல்லிலும் சரியாக வராது, ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

உண்மையான சண்டை பிரிவுகளுக்குப் பெயர் வைப்பதில்தான். எங்கள் வட்டத்தில் ஆளாளுக்கு ஒரு பிரிவு கேட்டார்கள். கவிதைக்குத் தனி, ஹைக்கூவுக்குத் தனி, இரங்கல் உரைக்குத் தனி. இப்படிப் பிரித்தால் பிரிவுகளுக்கே ஒரு தேடல் பெட்டி வைக்க வேண்டி வரும். ஏழெட்டுக்கு மேல் போகக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். ‘இதர’ என்று ஒரு பிரிவு கூடவே கூடாது. சோம்பேறித்தனத்தில் எல்லாம் அதில்தான் போய் விழும். ஐயங்கார் பற்றிய கட்டுரை ஊர் வரலாறா, நூல் அறிமுகமா என்று ஒரு மாலை முழுக்க வாதம் நடந்தது. அலமாரியில் என்றால் ஒரே இடத்தில்தான் வைக்க முடியும். இங்கே ஒரு பக்கத்துக்கு இரண்டு பிரிவும் கொடுக்கலாம், கொடுத்தோம்.

இந்தக் கருவியாலும் முடியாதவை உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய சிறப்பு மலர்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றாமல் அவற்றில் எதையும் தேட முடியாது. ஸ்கேன் செய்து ஏற்றிய காகிதங்களும் அப்படியே. ஓர் அரசு அலுவலகத்தின் தளத்தில் குடிநீர் இணைப்பு பற்றிய ஆணையைத் தேடினேன். தேடல் பெட்டி இருந்தது. முடிவு எதுவும் இல்லை என்றது. ஆணையோ அதே தளத்தில், முத்திரையோடு, சாய்வாக எடுத்த படமாகக் கிடந்தது. படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி தமிழையும் படிக்கும். அதில் ஒரு முறை விட்டுப் பிழை திருத்தி ஏற்றினால் மக்கள் அலுவலகத்துக்கு அலைவது குறையும்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் நாளிதழின் தளத்தில் மாவட்டச் செய்தி, தலையங்கம், இணைப்பிதழ் என்று பிரித்துத் தேட வழி செய்யுங்கள். இப்போது மன்னார்குடி என்று தட்டினால் சினிமாச் செய்தியும் ஆன்மிகப் பக்கமும் முன்னால் வருகின்றன. பாமணி ஆற்றில் தண்ணீர் திறப்பது எப்போது என்ற செய்தி மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
மன்னார்குடி.