பென்சிலால் இட்ட குறி

கும்பகோணம்

அன்புள்ள இளங்கோவுக்கு,

இங்கு அனைவரும் நலம். பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. நீ அனுப்பிய பணத்தில் மிச்சமும் இருக்கிறது. கொத்தனாரிடம் "என் மகன் அனுப்பியது" என்று நான் இரண்டு முறை சொல்லிவிட்டதாகப் பெரியம்மா குறைபட்டுக்கொண்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை மிகுதியாக இருக்கலாம். ஆனால் பெற்றவளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாத வேலை எந்த ஊரிலும் கிடையாது. இரவில் தூங்குகிறாயா என்பதை மட்டுமாவது ஒரு வரியில் எழுது. பொங்கலுக்கு வந்தபோது நீ தலையணைக்கு அடியில் மறந்துவிட்டுச் சென்ற பொருள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அன்று கிணற்றடியில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "உன் மாமாவின் ரத்தம்தான் உன்னிடமும் ஓடுகிறது" என்றேன். நீ பதில் பேசாமல், பாதி நிறைந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாய். முப்பத்தொரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் சொல்லக்கூடிய சொல்லா அது? மெண்டலின் பட்டாணிச் செடியில் நெட்டை, குட்டை பிரிவதைப் போல மனிதனின் மனச்சோர்வும் பிரியும் என்று நான் எந்த வகுப்பிலும் கற்பித்ததில்லை. கோபத்தில் உன்னிடம் மட்டும் அப்படிப் பேசிவிட்டேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில்கூட, ஒருவருக்கு மனச்சோர்வு வருவதிலும் மற்றொருவருக்கு வராமல் போவதிலும் மரபின் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடுதான். எஞ்சியது வாழ்க்கையிலிருந்து வருகிறது.

அந்த வாழ்க்கை உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பதைத்தான் இந்த மாதம் முழுவதும் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு வராத பகுதியைப் பிள்ளைகளின் புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறியிட்டு, "இதைப் படிக்க வேண்டாம்" என்று சொல்வேன் அல்லவா? எழுத்து அப்படியே இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். மரபணுவின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அத்தகைய குறிதான். மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஷிஃபும் தம் குழுவினருடன் எலிகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிறந்த முதல் வாரத்தில் தாய் அடிக்கடி நக்கித் தடவிய குட்டிகளுக்கும், அவ்வாறு தடவாத தாயின் குட்டிகளுக்கும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் வேறுபாடு இருந்தது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான மரபணுவின் மேல், தடவப்படாத குட்டிகளுக்கு மெத்தில் குறிகள் மிகுந்திருந்தன. ஆகவே, ஹார்மோன் போதும் என்று உணர்ந்து சுரப்பை நிறுத்த வைக்கும் ஏற்பிகள் அவற்றுக்குக் குறைவு. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டியவருக்குத் தண்ணீர் வழியும் ஓசை கேட்காவிட்டால் என்ன ஆகும்? நம் உடம்பில் அந்த ஹார்மோன் கார்ட்டிசால். அது ஓயாமல் சுரந்துகொண்டே இருந்தால் தூக்கமும் நினைவும் மன நிலையும் கெடுகின்றன.

இதைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. இளங்கோ, உன் மாமாவின் மேல் பழியைப் போட்டு நான் மறைத்து வைத்திருந்தது என்னுடைய கதை. நீ பிறந்த பிறகு ஏழு மாதங்கள் நான் கூடத்து அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். உன்னைத் தூக்கச் சொன்னால் அழுவேன்; கை வராது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியம்மாதான் முற்றத்தில் காலை நீட்டி உன்னைக் கிடத்தி, நல்லெண்ணெய் தேய்த்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்க வைப்பார். நீ வீறிட்டு அழுது, பிறகு மெல்ல அடங்கும் ஓசையைக் கதவுக்கு இப்பாலிருந்து நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. உனக்கு இதைச் சொல்ல முப்பத்திரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் என் பெரிய குற்றம். நீ பதினேழு வயதில் பள்ளிக்குப் போக மறுத்துப் படுத்துக் கிடந்தபோது அதைச் சோம்பல் என்று திட்டியவளும் நான்தான். அதன் முகம் எனக்குத் தெரிந்திருந்தும் திட்டினேன்.

அந்த ஆய்வில் என்னை எழுந்து உட்கார வைத்த பகுதி வேறு. தடவாத தாய்க்குப் பிறந்த குட்டியைத் தடவும் தாயிடம் வளர விட்டபோது, அது வளர்த்தவளின் குட்டியைப் போலவே ஆயிற்று. வளர்ந்துவிட்ட எலிகளின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி, அந்தக் குறிகளைக் குறைக்கவும் அவர்களால் முடிந்தது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதை நான் அறிவேன்; உயிரோடிருப்பவரின் மூளையை எடுத்துப் பார்க்க முடியாமல், பெரும்பாலும் ரத்தத்தையும் உமிழ்நீரையும் வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். ஆனாலும் குறி பென்சிலால் இட்டது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நரம்பியல் ஆய்வாளர் எரிக் நெஸ்ட்லரின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முரட்டுச் சுண்டெலிகளிடம் பத்து நாட்கள் அடிபட்டு ஒடுங்கிப்போன சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில், நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவின் செயல்பாடு குறைந்திருந்தது. அவற்றுக்கு இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து பல நாட்கள் கொடுத்தபோது அது மீண்டும் உயர்ந்தது. தொடர்ந்து என்பதைக் கவனித்துப் படி. நடைப்பயிற்சியையும் விட்டுவிடாதே. 120 முதியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஓராண்டு நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்தது. அதைப் படித்த நாளிலிருந்து நானும் மகாமகக் குளத்தைச் சுற்றி வருகிறேன். இரவில் தூங்குகிறாயா?

தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரை அட்டையில் நான்கு மாத்திரைகள் மிச்சமிருக்கின்றன. நீயாக நிறுத்திவிட்டாயா, மருத்துவர் நிறுத்தச் சொன்னாரா என்று கேட்கும் தைரியம் பொங்கலின்போது எனக்கு இல்லை, இப்போது கேட்கிறேன். நீயாக நிறுத்தியிருந்தால், இந்த வாரமே அந்த மருத்துவரைப் போய்ப் பார். புனேவுக்கு வரட்டுமா என்று கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்பதால், பெரியம்மாவுக்கும் எனக்கும் அடுத்த மாதம் முதல் வாரத்தில் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். நல்லெண்ணெய் அங்கே கிடைக்காதா என்று நான் கேட்டும் கேளாமல், செக்கில் ஆட்டியதை ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறார்.

அம்மா