தம்பி, அந்த 209 கிலோமீட்டரை நான்கு நாளாகப் பிரித்துக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

புது கிராவல் பைக்கை (சரளைப் பாதையில் ஓட்டும் சைக்கிளை) எடுத்துக்கொண்டு இத்தாலிக்குப் போவதாகவும், டஸ்கனி மாநிலத்தின் லெரோய்க்கா என்ற சைக்கிள் பாதை 209 கிலோமீட்டரையும் ஒரே நாளில் முடிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். உன் காலுக்கு அந்தத் தெம்பு உண்டு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். நம் சைக்கிள் நண்பர்களில் இன்னும் சிலரும் இதே யோசனையில் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாதை எப்படி வந்தது என்று தெரிந்துகொள். டஸ்கனியின் சியெனா நகரத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் பல நூற்றாண்டுகள் வாரத்துக்கு விடும் விவசாயம்தான் நடந்தது. நிலம் பிரபுவுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடும்பத்துக்கு ஒரு கல்வீடு, அங்கிருந்து பண்ணைக்கும் மாவு ஆலைக்கும் மாதாகோயிலுக்கும் வண்டி போக ஒரு சரளைப் பாதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும் அந்தக் குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டன. வீடுகள் காலியாகின, பாதைகள் மிஞ்சின. வெயிலில் கண் கூச வைக்கும் நிறம் என்பதால் ஊர்க்காரர்கள் அவற்றை வெள்ளைப் பாதைகள் என்றே சொல்வார்கள்.

அவற்றுக்கும் தார் போட்டு மூடிவிடுவார்களோ என்ற கவலையில்தான் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் 1997-இல் காயோலே என்ற சிற்றூரிலிருந்து லெரோய்க்கா என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அந்த விழாவில் ஓட்ட 1987-க்கு முந்தைய சைக்கிள் வேண்டும், கியர் லீவர் ஃபிரேமில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும். உன் பைக்கை அங்கே விடமாட்டார்கள். நீ போகப் போவது பலகைகள் நட்டு வைத்த நிரந்தரப் பாதை. அது வருடம் முழுவதும் திறந்திருக்கும், எந்த சைக்கிளும் போகலாம். விழா வளர வளர அந்தப் பாதைகளைத் தொடக் கூடாது என்ற எண்ணமும் ஊரில் வலுத்தது. ஒரு கோட்டையைக் காப்பாற்ற அரசு வரும். ஒரு மண் பாதையைக் காப்பாற்ற சைக்கிள்காரர்கள் வர வேண்டியிருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த வட்டாரத்தின் பெரிய வரலாற்றுச் சின்னம் அந்தச் சரளைதான். அதைப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரே நாளில் போனால் என்ன நடக்கும் தெரியுமா? மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். அக்டோபர் தொடக்கத்தில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். விடியும் முன்பே கிளம்பினால்தான் முடிக்க முடியும். காயோலேயிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே புரோலியோ கோட்டை. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சரளை ஏற்றம். விழா அன்று விடியுமுன் அந்த ஏற்றத்தில் விளக்குகள் வைப்பார்கள், அது தனி அழகு. மற்ற நாளில் இருட்டில் ஏறினால் உன் முன்விளக்கு காட்டும் பத்தடி சரளையைத் தவிர எதுவும் தெரியாது.

அங்கே பார்க்க எவ்வளவு இருக்கிறது! 1141-லிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் கோட்டை அது. ஃபுளோரன்ஸ் நகரத்தின் எல்லைக் காவல். சுவரருகே நின்றால் எதிரியான சியெனா தூரத்தில் கண்ணில் படும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர் பெத்தினோ ரிக்காசோலி இந்த வீட்டுக்காரர்தான். அந்த வட்டாரத்தின் கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை எதற்காகச் சேர வேண்டும் என்று 1872-இல் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையிலான எல்லை பற்றி ஒரு கதையும் உண்டு. சேவல் கூவியதும் இரு நகரத்திலிருந்தும் ஒரு வீரன் குதிரையில் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடமே எல்லை. சியெனாக்காரர்கள் தங்கள் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள், அது விடியும் முன்பே கத்திவிட்டது. இன்றும் கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பாட்டிலில் அந்தக் கறுப்புச் சேவலின் படம் இருக்கும். போகிற வழியில் திராட்சைத் தோட்டங்களின் வாசலிலும் பார்ப்பாய்.

சியெனாவுக்கு அரை நாளாவது ஒதுக்கு. இந்த வெள்ளைப் பாதைகளில் தொழில்முறை வீரர்கள் ஓட்டும் ஸ்திராதே பியாங்கே சைக்கிள் பந்தயம் 2007-லிருந்து அங்கேதான் முடிகிறது. கடைசி ஏற்றமான சாந்தா கத்தரீனா தெரு 16 சதவீதம் வரை செங்குத்து. அதை ஏறிப் பார், ஆசைதானே. அப்புறம் சைக்கிளைப் பூட்டிவிட்டு நகர மண்டபத்துக்குள் போ. 1338, 1339-இல் அம்புரோஜோ லோரென்ஸெத்தி தீட்டிய சுவரோவியம் அங்கே இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் ஊரும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். கோட்டை வாசலைத் தாண்டியதும் குன்றுகள், வயல்கள், சுமை ஏற்றிய கழுதைகள். ஒருவன் வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை ஊருக்குள் ஓட்டி வருகிறான். அந்த இனப் பன்றியை இன்றும் அங்கே வளர்க்கிறார்கள். இதைப் பார்த்த பிறகு சைக்கிளில் ஏறி நகரத்தை விட்டு வெளியே வந்து பார். எனக்கு அன்று மதியம் முழுவதும் அந்தப் படத்துக்குள் ஓட்டுவது போலவே இருந்தது.

தெற்கே மூர்லோ. ரோமானியர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்களின் பொருள்கள் உள்ள சிறிய அருங்காட்சியகம் உண்டு. அகன்ற தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் சுடுமண் சிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் போதும். பிறகு மொந்தால்ச்சினோ. ஒயினுக்காகத்தான் எல்லோரும் அந்த ஊரைச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று முக்கியம். 1555-இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு சியெனா சரணடைந்தது. சரணடைய மனமில்லாதவர்கள் இந்தக் குன்றுக்கு வந்து, சியெனா குடியரசு இங்கே உயிரோடு இருக்கிறது என்று 1559 வரை தாக்குப்பிடித்தார்கள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அந்த நீண்ட ஏற்றத்தின் உச்சியில் இருப்பது அவர்களின் கோட்டை. அன்று இரவு அங்கேயே தங்கு.

அதற்கடுத்து வருவது கிரேத்தே. சாம்பல் நிறக் களிமண் குன்றுகள், ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மண். மழை பெய்தால் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே அப்பிச் சக்கரமே சுற்றாது. முந்தைய இரவு மழை என்றால் காலையில் அவசரப்படாதே, காயட்டும். அஷானோவைத் தாண்டி மோந்தே சாந்தே மரியே: 11.5 கிலோமீட்டர் சரளை. ஸ்திராதே பியாங்கே பந்தயத்தை மூன்று முறை வென்ற சைக்கிள் வீரர் கான்செல்லாராவின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். 2024 பந்தயத்தில் பொகாச்சார் என்ற வீரர் இங்கேதான் மற்றவர்களை விட்டுப் பிரிந்து, 81 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜெயித்தார்.

இறக்கத்தில் கவனம். கார் சக்கரம் பட்டுப் பட்டு இறுகிய இரண்டு தடங்கள் இருக்கும், அவற்றில் ஒன்றிலேயே போ. நடுவில் குவிந்திருக்கும் ஜல்லி உருண்டைக்கல், அதில் முன்சக்கரம் ஏறினால் தானாக வழுக்கும். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளு, கைப்பிடியை இறுக்காதே, பைக் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும். 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் போதும். உன் எடைக்குக் காற்றை 35 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதே. கியரில் முன்பல்சக்கரம் 40 பல் என்றால் பின்பல்சக்கரத்தில் பெரியது 42 பல்லாவது இருக்கட்டும். அஷானோவிலேயே தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொள். ஆட்டு மந்தை இருந்தால் வெள்ளை நிறக் காவல் நாய்களும் இருக்கும். வேகமாகத் தாண்டப் பார்க்காமல் இறங்கு, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவே வைத்து நடந்து போ.

திரும்பும் வழியில் காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா பக்கம் மொந்தாபெர்த்தி குன்று. 1260 செப்டம்பர் 4 அன்று சியெனா படை ஃபுளோரன்ஸ் படையை இங்கே நொறுக்கியது. ஆர்பியா ஆறு சிவந்து ஓடியது என்பார்கள். வாரக்கணக்கில் இருக்கும் ஆட்கள் கூட இதைப் பார்ப்பதில்லை. நீ போய்விட்டு வா.

சரி, முதல் இரவு மூர்லோ, இரண்டாவது மொந்தால்ச்சினோ, மூன்றாவது அஷானோ, நான்காம் நாள் காயோலே. விழா வாரத்தில் அறை கிடைப்பது கடினம், அதனால் அதற்கு முன்போ பின்போ போகிற மாதிரி தேதி வை. பண்ணை வீடுகளுக்கு இப்போதே எழுது. சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் உண்டா, இரவுச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா என்று இரண்டையும் கேட்டுக்கொள். பல வீடுகளுக்குப் பக்கத்தில் கடை எதுவும் இருக்காது.

அன்புடன்,
அண்ணன்