சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிருவாகசபை நண்பர்களே, அங்கத்தவர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு எங்களைவிட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவர்களுக்கு முதலில் அஞ்சலி. இந்த நிலையத்துக்கு அத்திவாரம் வெட்டியவர்களில் சிலர் அவர்களுள் இருந்தார்கள். கூட்டம் தொடங்குமுன் நாம் எழுந்து நின்றது அவர்களுக்காகத்தான்.

வழமையான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிருவாகசபை மாதந்தோறும் கூடியது. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தடையில்லாமல் வந்தன. புலமைப்பரிசில் மாணவர்களுக்கான மாலை வகுப்பு நடந்தது. மாரிக்கு முன்னர் சிரமதானம் வைத்து வாய்க்கால் துப்புரவாக்கினோம். வாணிவிழாவும் சிறப்பாக நடந்தது. விபரமெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் கூடுதல் நேரம் எடுக்கப்போவது ஓகஸ்ட் விடுமுறையில் நடத்திய திருகோணமலைக் கரையோர இயற்கைச் சுற்றுலாவைப் பற்றிச் சொல்லத்தான். இந்த ஆண்டு நாங்கள் செய்ததில் பெரியது அதுதான் என்பது என் எண்ணம்.

இந்த யோசனை மாதர் பிரிவிலிருந்து வந்தது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற கடலை எங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் போயிருப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைவர் சொன்னபோது பிள்ளைகளில் மிகச் சிலரே உயர்த்தினார்கள். பெரியவர்களிலும் அப்படித்தான்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. போர்க்காலத்தில் கடலுக்குப் போக ஆயிரம் தடை. தொழிலுக்குப் போகிறவர்களுக்கே பாஸும் நேரக் கட்டுப்பாடும் இருந்தன. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள்தான் இன்றைக்குப் பெற்றோர். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் செய்ததை எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு பல வீடுகளில் பிள்ளையைக் கடற்கரைக்கு விடுவதே இல்லை. அப்புறம் செலவு. படகுக்கூலி, அனுமதிச்சீட்டு, முகமூடி வாடகை எல்லாம் சேர்ந்தால் நாட்கூலிக் குடும்பத்துக்குக் கட்டாது. ஆகவே, கடலுக்கு எதிரே குடியிருந்தும் கடலுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு தலைமுறை எங்களிடம் வளர்ந்துவிட்டது. இந்தச் சுற்றுலாவுக்கு நிலையம் பணம் ஒதுக்கியது சரியா என்று கேட்ட அங்கத்தவர்களுக்கு என் பதில் இதுதான்.

காலத்தைத் தெரிவு செய்ததில் மீனவ அங்கத்தவர்களின் சொல்லைக் கேட்டோம். வாடைக்காற்று வீசும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் இந்தக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். கச்சான் வீசும் காலத்தில் காற்று தரையிலிருந்து வருவதால் கரையோரம் அலையடங்கித் தெளிவாக இருக்கும். ஓகஸ்டில் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தது.

வழிகாட்டியாக நாங்கள் கேட்டுக்கொண்டவர் முன்னர் கடலட்டை எடுக்கக் கடலில் முங்கியவர், இப்போது படகோட்டுகிறார். பெயர் போட வேண்டாம் என்றார். பிள்ளைகள் அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் பாடம் பண்ணிய விளக்கம் எதையும் அவர் சொல்லவில்லை. தான் கடலடியில் கண்டதை எங்கள் பேச்சிலேயே சொன்னார். இப்படி ஒருவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். பஸ் விடயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பேசி முற்பணமும் கொடுத்திருந்த வாகனம் முதல்நாள் இரவு வரமுடியாதென்று சொல்லிவிட்டது. விடியுமுன் வேறு வாகனம் பிடித்துத் தந்த இளைஞர் அணிக்கு இந்தச் சபையில் நன்றி சொல்ல வேண்டும்.

காலையில் முதலில் போனது பிரெட்ரிக் கோட்டைக்கு. 1622 இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை அது. வாசற்கல்லில் செதுக்கிய இரட்டைக் கயல்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே மர நிழலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. நகரத்துக்குள்ளேயே, கடைத்தெருவிலும் டச்சுக்குடாக் கரையிலும் மான் திரியும் ஊர் இலங்கையில் வேறு எங்கே இருக்கிறது? எங்களுக்கு அது பழகிப்போனதால் அதன் அருமை தெரியவில்லை. ஒரு கலைமான் பொலித்தீன் சாப்பாட்டுத் தாள் ஒன்றை மென்றுகொண்டு நின்றதைப் பிள்ளைகளே முதலில் கண்டார்கள். உணவு வாசம் ஒட்டிய பொலித்தீனை மான் தின்றுவிடும். அது செரிக்காமல் வயிற்றில் திரண்டு நின்று, நாளடைவில் பசியே எடுக்காமல் செய்து மிருகத்தைக் கொன்றுவிடும். மாமா இதைச் சொல்லி முடிக்குமுன் பிள்ளைகள் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் தாங்கள் கொண்டுபோகும் பையைத் திரும்பவும் வீட்டுக்கே கொண்டுவர வேண்டும் என்று எல்லா அங்கத்தவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

கோணேசரைக் கும்பிட்டுவிட்டு கோயிலை ஒட்டிய பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்த்தோம். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் முங்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டது இந்தப் பாறையின் அடியில்தான். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளின் கண் தேடியது திமிங்கிலத்தை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. வேறு இடங்களில் பல மைல் போனால்தான் வரும் ஆழம் இங்கே கரைக்குக் கிட்டவே இருப்பதால், ஆழ்கடலில் வாழும் நீலத் திமிங்கிலமும் தரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வருகிறது. உலகத்தில் இப்படிப் பார்க்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. திமிங்கிலத்தின் உடலைத் தேடாதீர்கள், அது மூச்சு விடும்போது எழும் நீராவித் தூணைத் தேடுங்கள் என்று மாமா சொல்லிக்கொடுத்தார். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீற்றர்வரை எழும்பும். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொடுவானுக்குச் சற்று இப்பால் வெள்ளையாக ஒன்று எழுந்து கலைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும். எல்லோரும் கண்டோம் என்று சொல்லமாட்டேன். கண்ட பிள்ளைகள் காணாதவர்களின் தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்கள். முப்பது மீற்றர்வரை வளரும், பூமியில் இருக்கும் உயிர்களிலேயே பெரியதான ஒன்று எங்கள் ஊர்க் கடலில் கூனி இறாலைத் தின்று சீவிக்கிறது என்பதை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள்.

படகில் கிட்டப் போய்ப் பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். போகலாம்தான். ஆனால் நூறு மீற்றருக்குள் நெருங்கக் கூடாதென்று விதி இருந்தும், நாலைந்து படகுகள் ஒரே விலங்கைத் துரத்துவதை மாமா தன் கண்ணால் பார்த்திருக்கிறார். விதியை மதிக்கும் படகோட்டி கிடைத்தால் மட்டும் அடுத்த ஆண்டு யோசிக்கலாம் என்பது நிருவாகசபையின் முடிவு.

மீனவக் கிராமமான சல்லிப் பக்கம் இறங்கியபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் கயிற்றில் கைவைக்க இடம் தந்தார்கள். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டை மெதுவாக முனகியபடி இழுத்த ஒரு பெரியவர், முன்பு இந்தப் பாட்டு நிலாவெளிவரை கேட்கும் என்றார். சூடையும் நெத்தலியும் கொஞ்சம் பாரையும் வந்தன. அங்கேயே இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம்.

அப்புறம் நிலாவெளி, படகேறிப் புறாத்தீவு. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். பெரிய தீவும் சின்னத் தீவுமாக இரண்டு. பாறை இடுக்குகளில் மாடப்புறா கூடு கட்டுவதால் வந்த பெயர். பிரித்தானியக் கடற்படை ஒருகாலத்தில் சுட்டுப் பழகும் இலக்காக இதை வைத்திருந்தது. 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலோடு சேர்த்து 471 ஹெக்டேயர். பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் உள்ளே விடமாட்டார்கள். வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்ததை நாங்கள் சந்தோசமாகவே ஏற்றுக்கொண்டோம்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்த பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தை நான் எழுதிக்காட்ட முடியாது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்), அவற்றுக்கு இடையே கிளிமீன்கள். கிளிமீன் முருகைக்கல்லைச் சொண்டால் கொறித்து, உள்ளே அரைத்து, மணலாகக் கழிக்கிறது. அந்தக் கரையின் வெள்ளை மணலில் அதன் பங்கு பெரியது. மாமா இதைச் சொன்னபிறகு ஒரு சிறுமி மணலைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு கீழே போட மனமில்லாமல் நின்றாள். ஆழம் குறைந்த பக்கத்தில் கருமுனைச் சுறாக்குட்டிகள் ஓடின. “மாமா, சுறா கடிக்காதா?” என்று ஒரு பையன் கேட்டான். “நீ அதைத் துரத்தாட்டி அது தன்ர பாட்டில போகும் தம்பி” என்றார். அப்படியே போனது. பேராமை ஒன்று மூச்செடுக்க மேலே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் இறங்கியது.

ஆனால் எல்லாம் நன்றாக இல்லை. சில இடங்களில் முருகைக்கல் வெளிறியிருந்தது. முருகைக்கல்லுக்கு நிறத்தையும் உணவில் பெரும்பங்கையும் கொடுப்பது அதற்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி. கடல்நீர் வழமையான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நின்றாலே அந்தப் பாசி வெளியேற்றப்பட்டு, கல் வெள்ளையாகிவிடும்; சூடு குறையாவிட்டால் செத்துவிடும். 1998 இல் இலங்கையின் மற்றக் கரைகளில் முருகைக்கற்கள் பெருவாரியாக அழிந்தபோது திருகோணமலை பெரும்பாலும் தப்பியது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் பரவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். கடல் சூடாவதை எங்கள் நிலையம் தடுக்க முடியாது. ஆனால் உடைந்து கிடந்த கிளைகளில் பல, சூட்டால் உடைந்தவை அல்ல, காலால் உடைந்தவை. நீந்தத் தெரியாதவர் பயத்தில் கால் ஊன்றுவது முருகைக்கல்லின் மேல்தான். பல ஆண்டுகள் வளர்ந்தது ஒரு மிதியில் போய்விடுகிறது. அதனால் எங்கள் பிள்ளைகளை உயிர்காப்பு அங்கியுடன் மணல் உள்ள ஓடைப்பக்கம் மட்டுமே இறக்கினோம். இறங்கியவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர்தான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில் இது மிகவும் கவலைக்குரியது. முருகைக்கல்லுக்கு முன்னர் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்தானது.

மாதர் பிரிவினருக்காகக் கரையின் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தோம். தயங்கி நின்றவர்கள் பிறகு இறங்கினார்கள். சுனாமிக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடலில் கால் நனைத்ததாக இரண்டு தாய்மார் என்னிடம் சொன்னார்கள். இந்தச் சுற்றுலாவுக்கு வேறு பலன் ஒன்றும் இல்லாவிட்டாலும் எனக்கு இது போதும்.

மாலையில் இறக்கக்கண்டிப் பாலத்தடியில் இறங்கிக் களப்பைப் பார்த்தோம். கொக்குகளும் பவளக்கால் உள்ளானும் மேயும் நேரம். செம்பருந்து ஒன்று மீனோடு போனது. பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், சீக்கிரம் திரும்பினோம். புலம்பெயர் பறவைகள் வருவது மாரியில் என்பதால் களப்புக்கென்று தனியாக ஒருநாள் வைப்பது நல்லது.

படகோட்டிகளுக்கும், சமைத்துத் தந்த தாய்மாருக்கும், கரைவலைக்காரருக்கும், உதவித்தொகை அனுப்பிய வெளிநாட்டு அங்கத்தவர்களுக்கும் நிருவாகசபையின் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் சபையின் முன் மூன்று பிரேரணைகளை வைக்கிறேன். சுற்றுலாவை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். ஆனால் ஒரே கூட்டமாகப் போகாமல் சிறு அணிகளாகப் பிரிந்து போக வேண்டும், ஏனென்றால் தீவு தாங்கும் அளவுக்குத்தான் போகலாம். அடுத்து, எங்கள் இளைஞரில் விருப்பமானவர்கள் சுற்றுலாத்துறையின் பிரதேச வழிகாட்டி அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்க நிலையம் உதவ வேண்டும். மாமாவுக்கு வயதாகிறது. அவர் சொன்னதைத் தமிழில் அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்ல ஆட்கள் வேண்டும். அது அவர்களுக்கு ஒரு தொழிலாகவும் இருக்கும். மூன்றாவது, மற்ற இரண்டையும்விட அவசரமானது: சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கியதும் உப்புவெளியில் நீச்சல் பயிற்சி தொடங்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் ஒழுங்கு செய்வதாக மாதர் பிரிவு பொறுப்பேற்றிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் உபசெயலாளரின் மேசையில் பதிவுப் புத்தகம் இருக்கும். பிள்ளைகளின் பெயரை இன்றைக்கே பதிந்துவிட்டுப் போகும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.