உன் மகளின் தட்டைப் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து ஒன்பது நாட்களாகின்றன. பதில் தாமதமானதற்கு வேலைப்பளு காரணமில்லை. நீ கேட்டிருந்த ஒரு கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் ஒப்பவில்லை. உன் 13 வயது மகள் நீச்சல் போட்டிகளுக்கான பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதங்களாகின்றன என்றும், சில வாரங்களாகச் சோற்றையும் ரொட்டியையும் ஒதுக்கிவிட்டுக் காய்கறிகளையும் பழங்களையும் மட்டுமே உண்கிறாள் என்றும், கேட்டால் "ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறேன்" என்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். "அப்படியே உன்னைப் போல இருக்கிறாள்" என்று நீ மகிழ்ந்து எழுதிய வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அதற்கான காரணத்தை உன்னிடம்கூட நான் முழுமையாகச் சொன்னதில்லை.

என் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நலமாக இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாட்கள் நீந்துகிறேன். வரும் பருவத்தில், வயது வந்தோருக்கு வயதுப் பிரிவு வாரியாக நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிகளில் 40 முதல் 44 வயது வரையிலான பிரிவுக்குள் நுழைகிறேன். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ் தமது 41ஆவது வயதில் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் வென்றதையும், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நொடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கத்தைத் தவறவிட்டதையும் நாம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது உனக்கு நினைவிருக்கும். அன்று நமக்கு மலைப்பாகத் தோன்றிய அந்த வயது இப்போது எனக்கு எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருக்கிறது.

நல்ல உணவின் மீது எனக்குள்ள ஆசை சற்றும் குறையவில்லை. காலை ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம், ஐந்தரைக்குக் குளம், ஏழரைக்குக் கரையேறியதும் டப்பா. நீரில் ஊறிச் சுருங்கிய விரல்களால் அவித்த முட்டையின் ஓட்டை உரிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ஓடு விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு வரும், உள்ளே வெண்கரு இன்னும் சூடாக இருக்கும். அதற்குப் பிறகு உப்பும் மிளகும் தூவிய உருளைக்கிழங்கு, தயிர், ஒரு ஆரஞ்சு. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாத குளோரின் வாடையை அந்த ஆரஞ்சுத் தோலின் மணம் ஒரே நொடியில் மறைத்துவிடும். 20 ஆண்டுகளுக்கும் மேலாக இதே காலைப் பொழுதை வாழ்ந்து வருகிறேன். இன்னும் எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் இந்த ஆசையே ஒரு காலத்தில் என்னைக் கெடுத்தது. நமக்கு 21 வயது இருந்தபோது, அப்போதைய பயிற்சியாளர் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும், எடையைக் கொஞ்சம் குறைத்தால் வேகம் வரும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பட்டினி கிடக்கவில்லை. அப்படிக் கிடந்திருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய், என் அம்மா கண்டுபிடித்திருப்பார். நான் செய்தது அதைவிட நயமான ஒன்று: சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, எண்ணெய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, கீரையும் வெள்ளரியும் பச்சைக் காய்கறிகளும் தட்டு நிறையக் குவித்துக்கொண்டேன். வயிறு நிரம்பியது, நார்ச்சத்தும் நீரும் நிரப்பிய வயிறு அது. பார்த்தவர்கள் எல்லோரும் என் கட்டுப்பாட்டைப் பாராட்டினார்கள். முதல் பத்து நாட்களில் இரண்டு கிலோ குறைந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு மிகக் குறைவு என்பதை வெகுகாலம் கழித்தே தெரிந்துகொண்டேன். நாம் உண்ணும் மாவுச்சத்து தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ அரைக் கிலோ அளவுக்குத்தான் அதற்கு இடமுண்டு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்திவிட்டு நாள்தோறும் நான்கு மணி நேரம் நீந்தினால், சேமிப்பு தீரும்போது அது பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது, எடைக் கருவியின் முள்ளும் இறங்குகிறது. வேகமாக நீந்துவதற்குத் தசைக்கு வேண்டிய எரிபொருளைத் தொலைத்துவிட்டு, அதை முன்னேற்றம் என்று பயிற்சி நோட்டில் எழுதி வைத்தேன்.

பிறகு நடந்த, நான்கு பாணிகளிலும் நூறு நூறு மீட்டராக நீந்தும் 400 மீட்டர் தனிநபர் மெட்லியை நீ கரையிலிருந்து பார்த்தாய். பட்டர்ஃபிளையில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பேக்ஸ்ட்ரோக் முடியும்போது தொடைகள் கனத்தன. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு உதைக்குப் பிறகும் உடல் முன்னே வழுக்கிச் செல்வதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. 300 மீட்டர் திருப்பத்தில் இரு கைகளாலும் சுவரைத் தொட்டபோது, அடுத்து எந்தக் காலை மடக்க வேண்டும் என்பதே ஒரு கணம் பிடிபடவில்லை. என் சிறந்த நேரத்தைவிட 11 நொடிகள் அதிகம் எடுத்துக் கடைசியாக வந்தேன். நீ உன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாய். பழம் போதும் என்று சொல்லி அதை நான் விலக்கினேன்.

நீ அறியாதது இதுதான்: அப்போது எனக்கு மாதவிடாய் நின்று ஏழு மாதங்களாகியிருந்தன. கடும் பயிற்சி செய்பவர்களுக்கு இது இயல்பு என்று யாரோ சொன்னதை நம்பி, ஒருவகையில் வசதி என்றுகூட எண்ணிக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதங்களில் தரையில் செய்த ஓட்டப் பயிற்சியில் கணுக்காலுக்கு மேலே எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தது. அதைப் பார்த்த மருத்துவர்தான் முதன்முதலாக எலும்பை விட்டுவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கணக்குப் போட்டபோது, என் 58 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 175 கிராம் மாவுச்சத்துகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது; அதாவது எடையில் கிலோவுக்கு 3 கிராம். நாளில் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கே கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

உள்ளே வரும் ஆற்றல் போதாதபோது உடல் உயிர்வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது: மாதவிடாய், எலும்புப் பராமரிப்பு, நோய் எதிர்ப்பு, தசைச் சீரமைப்பு. நீண்ட காலம் இதை உணவுக் குறைவு, மாதவிடாய் நிற்றல், எலும்பு நலிவு ஆகிய மூன்றும் சேர்ந்த பெண்களின் பிரச்சினையாக மட்டுமே பார்த்தார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல்தான் இதை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று விரிவாக்கிப் பெயரிட்டு, ஆண்களுக்கும் இது நேரும் என்று தெளிவுபடுத்தியது. இதற்கு ஆளாகிறவர் பார்வைக்கு மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேண்டுமென்றே குறைத்துத்தான் உண்ண வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சி கூடும்போது தட்டு கூடாமல் போனாலே போதும். உன் மகளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு எழுந்த அச்சம் இதுதான்.

நீச்சலுக்கு என்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் குளிர்ந்த குளத்திலிருந்து எழுபவருக்குக் கொலைப்பசி எடுக்கும். அந்தப் பசியை அவள் பலவீனமாக எண்ணி அடக்கிக்கொள்ளக் கூடாது. நீருக்குள்ளும் வியர்க்கும், ஆனால் வியர்ப்பது தெரியாது. ஆகவே தடத்தின் முனையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். உடலின் எடையை நீர் தாங்கிக்கொள்வதால், ஓடுவதும் குதிப்பதும் எலும்புக்குக் கொடுக்கும் உறுதியை நீச்சல் கொடுப்பதில்லை. எலும்பு வலுப்பெறும் வயதில் இருக்கிற பெண்ணுக்குத் தரையில் செய்யும் பயிற்சியும், பால், தயிர் போன்ற கால்சியம் நிறைந்த உணவும் கட்டாயம் வேண்டும். இரும்புச்சத்தை ஒரு முறை பரிசோதித்துவிடு. பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பை உடல் எளிதில் ஏற்காது. அவற்றோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் ஏற்பு கூடும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும்.

அவளிடம் காய்கறிகளைக் குறை என்று சொல்லாதே. காய்கறியை விரும்பும் பிள்ளை கிடைப்பது பெரிய பேறு. அவற்றுக்கு அருகில் மற்றவையும் இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள். இரண்டு வேளை பயிற்சி உள்ள நாளில் தட்டில் ஏறத்தாழ பாதியைச் சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ பிடிக்கட்டும். ஓய்வு நாளில் அந்தப் பங்கு சற்றுச் சுருங்கிக் காய்கறி விரியட்டும். கரையேறிய அரை மணிக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போகட்டும். மாலையில் மறுபடியும் குளத்தில் இறங்க வேண்டியவளுக்குக் காலையில் தீர்ந்ததை நிரப்ப உள்ள நேரம் குறைவு. போட்டி நாளன்று மட்டும் நார்ச்சத்து மிகுந்தவற்றை அவளே ஒதுக்கிக்கொள்ளலாம். தகுதிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் இடையில் வயிறு கனத்துக் கிடந்தால் நீந்த முடியாது.

மைக்கேல் ஃபெல்ப்ஸ் நாளொன்றுக்கு 12,000 கலோரி உண்டார் என்று அவளுடைய குழுவில் பேசிக்கொள்கிறார்களாமே. அவர் எட்டுத் தங்கம் வென்ற 2008இல் பரவிய கதை அது. அவ்வளவு உண்டதில்லை என்று பின்னர் அவரே மறுத்துவிட்டார். பிறருடைய தட்டு அவளுக்கு அளவுகோல் ஆகாது. புரதப் பொடி வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம். டப்பாவின் மேல் எழுதாத பொருள்கள் பொடியில் கலந்திருப்பது உண்டு. ஊக்கமருந்துப் பரிசோதனையில் அப்படி ஏதாவது அகப்பட்டால், அறியாமல் உண்டவரும் பொறுப்பேற்றே ஆக வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் அவளுக்கு நிறைவாகப் போதும்.

ஒன்றே ஒன்று உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தால், ஒழுங்காக வருகிறதா என்பதை நீயே கேட்டுத் தெரிந்துகொள். மூன்று மாதங்கள் வராமல் போனால் பயிற்சியின் மீது பழியைப் போட்டுவிட்டுக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல். சோற்றை ஒதுக்கச் சொன்னது யார் என்பதையும் மெதுவாகக் கேட்டுப் பார். பெரியவர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன சொல்லாக அது இருக்கக்கூடும். எனக்கு அப்படித்தான் தொடங்கியது.

என் போட்டியைப் பார்க்க அவளையும் அழைத்துக்கொண்டு வா. என் நீச்சல் நடுவில் இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் நிறைய நேரம் கிடைக்கும். மூன்று பேருக்கும் சேர்த்து நானே டப்பா கட்டிக்கொண்டு வருகிறேன். நீ மட்டும் பழைய மாதிரி ஒரு ரொட்டி கொண்டு வா. இந்த முறை என் பாதியை நான் வாங்கிக்கொள்வேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி